நோண்டியக்கா

அவர் விதைத்த விதை எதுவும் நிம்மதியாக மண்ணுக்குள் கிடந்தது கிடையாது. இன்றைக்குக் காலையில் ஊன்றினால் நாளைக்குக் காலையில் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக்கொண்டு வந்து பாத்தி ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். மண்ணை மெல்லக் கீறுவார். விதை தட்டுப்பட்டதும் விரல் நுனியில் ஒட்டியெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். வெடித்திருந்தால் முகமெல்லாம் சிரிப்பு. வெடிக்கவில்லையென்றால் திரும்ப வைத்து மூடிவிட்டு, ஊசியை முந்தானையில் துடைத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு உள்ளே போவார். போனவர் உலை கொதிக்கும் முன்னால் மறுபடியும் வந்துவிடுவார்.

"அதைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன் அக்கா. அது பாட்டுக்கு முளைக்கும்" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் சத்தம் போடுவேன்.

"முளைச்சாச் சரித்தா. முளைக்காம உள்ளுக்குள்ளயே மக்கிப்போச்சுன்னா? அது எனக்குத் தெரிய வேணாமா?"

தெருவில் அவருக்கு நோண்டியக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் "என்ன?" என்று திரும்புவார். புதிதாக வருகிறவர்கள்தான் பாவம். நோண்டி என்பது அவர்கள் காதில் நொண்டி என்று விழும். பேசிக்கொண்டே அவருடைய காலைப் பார்ப்பார்கள். ஒரு தடவை பரளச்சியிலிருந்து ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த அம்மா ஒருவர், இவர் தெருவில் விறுவிறுவென்று போவதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான நடக்குறாக, எந்த ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தாக?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கை கோணலாகப் போய்விட்டது.

இது நாங்கள் வீரசோழனில் குடியிருந்தபோது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சிமெண்டுக் கடையின் லோடு வண்டி ஓட்டினார். நான் வீட்டில் தையல் போட்டிருந்தேன். அந்தத் தெருவில் பொட்டு வைத்தவள் நான் ஒருத்திதான். அதை எனக்கு யாரும் ஞாபகப்படுத்தியதில்லை. வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினைக் கொல்லைப்பக்க ஜன்னலையொட்டிப் போட்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் இடுப்பளவுச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் அவருடைய கொல்லை. கண்ணை மிஷினில் வைத்திருந்தாலும் அவர் நடமாட்டம் ஓரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த அம்மாள் ஓரிடத்தில் உட்கார மாட்டார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது.

மாசி பிறந்துவிட்டால் அவர் கை நிற்காது. பெயிண்ட் வாளி, கிழிந்த அரிசிச் சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் கரிசல் மண்ணை நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விடுவார். சுவரோரம் பீர்க்கும் புடலையும் ஊன்றுவார். பூவுக்குச் செண்டிப்பூ, கொத்துக் கொத்தாகப் பட்டன் ரோஸ், வேப்பமரத்தடி ஓரம் முழுக்கப் பத்துமணிப் பூ. எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கெல்லாம் தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். குழாயில் எப்போதாவதுதான் வரும். அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்த தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு சின்ன வாய்க்கால் கிழித்துக் காய்கறிப் பாத்திக்குத் திருப்பி வைத்திருந்தார். ஒரு சொட்டு வேறு எங்கேயும் போகாது. பத்துமணிப் பூவுக்கு அந்தத் தண்ணீரும் கிடையாது. அது வெயிலைக் குடித்தே வளர்கிற செடி.

இத்தனை நோண்டியும் தோட்டம் எப்படி வந்தது என்று எனக்கும் ஆச்சரியம்தான். ஒரு குழிக்கு ஐந்தாறு விதை போடுவார். நோண்டியதில் நாலு சாகும், ஒன்று அவரிடமிருந்து தப்பிப் பிழைக்கும். அப்படித் தப்பித்ததெல்லாம் முரட்டுச் செடியாக நின்றது.

விதையோடு விட்டாரா? இட்லிக் கொப்பரையை ஆவி கட்டும் முன் மூன்று தடவை திறப்பார். அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனால் ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து நின்று கண்டக்டரைக் கேட்டுக்கொண்டே வருவார். என்னிடம் துணி கொடுத்தால் அன்று சாயந்திரமே வந்து, தைத்த மடிப்பை நகத்தால் நெம்பி உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறேன் என்று பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "என் மேல நம்பிக்கை இல்லைன்னா வேற இடத்துல குடுங்க" என்று ஒரு நாள் துணியைத் தூக்கி மடியில் போட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நம்பிக்கை இருக்கு. பாத்துட்டா இன்னும் கொஞ்சம் இருக்கும்ல" என்றார்.

மனிதர்களையும் விட மாட்டார். யார் வீட்டில் சண்டை, யாருக்குப் பெண் அமையவில்லை, யார் முகம் ஏன் வாடியிருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரரோடு எனக்குப் பெரிய தகராறு நடந்த ஒரு நாள், நான் எழுந்திருக்கவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். பின்வாசல் வழியாக வந்து நின்றார். "தலைவலிக்கா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானை மூடியைத் திறந்து பார்த்தார். காலிப் பானை. மூடிவிட்டுப் போனவர், தட்டு நிறையச் சோறும் அவர்கள் ஆணம் என்கிற குழம்பும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. சாப்பிட்டேன்.

அவருடைய கணவர் சவூதியில் கம்பெனி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வந்தால் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கார் பிடித்து, மேலே கயிறு கட்டிய பெட்டிகளோடு வந்து இறங்குவார். அந்த வருஷம் தை மாசக் கடைசியில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரே ஒரு பையுடன் அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நடந்து வந்தார். லீவு என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு அதிலேயேதான் இருந்தார்.

அக்கா விடுவாரா? ஒரு வாரம் அந்தக் கொல்லையில் கேள்விச் சத்தம்தான்.

"கம்பெனியில ஏதும் பிரச்சனையா மச்சான்?"

"இல்ல."

"யாரும் கை நீட்டுனாகளா? வண்டியில யாரையும் இடிச்சுப்புட்டீகளா?"

"ஒண்ணுமில்லைங்கிறேன்ல."

"ஒண்ணுமில்லாமயா ஒத்தப் பையோட வந்தீக?"

அவர் எழுந்து தெருப்பக்கம் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருவார்.

சேதி பரவியது. கணவரின் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு வந்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏத்தா, சம்பாதிக்கப் போன ஆம்பள மனசுல எதையோ வச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கான். நீ நோண்டாதே. ஆறப்போடு. தானாச் சொல்லுவான்." இளையான்குடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் தன் அப்பாவுக்காகப் போனில் கத்தினாள். "அம்மா, அத்தாவை நோண்டி நோண்டியே திரும்ப விரட்டிராத!" எதிர் வீடு, பக்கத்து வீடு, நான், எல்லோரும் அதையே சொன்னோம். எல்லோருக்கும் அவரால் ஒரு தடவையாவது எரிச்சல் வந்திருந்தது. அதனால் ரொம்ப ருசியாகவே சொன்னோம்.

"சரி. இனிக் கேக்கல" என்றார் அக்கா. நம்ப மாட்டீர்கள், கேட்கவே இல்லை.

வாயைக் கட்டிவிட்டார், கையைக் கட்ட முடியவில்லை. அந்த மாசிபோல அந்தத் தோட்டம் எந்த வருஷமும் பாடுபட்டதில்லை. நாற்றைப் பிடுங்கி நிழலில் வைப்பார், மறுநாள் பிடுங்கி வெயிலில் வைப்பார். நேற்று ஊன்றிய பீர்க்கை இன்று தோண்டுவார். செண்டிப்பூ மொட்டைப் பிரித்து உள்ளே நிறம் வந்துவிட்டதா என்று பார்ப்பார். ராத்திரி அவர் தூங்குவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு நாள் துணி கொடுக்க வந்தவர், கொடுக்காமல் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே நின்றார்.

"தங்கச்சி, இவுக எதையோ உள்ள வச்சுக்கிட்டு மருகுறாக. ராத்திரி எந்திரிச்சு மூச்சு வருதான்னு மூக்குல கை வச்சுப் பாக்குறேன். ஒரு நா விடியிறப்ப இவுக இல்லாமப் போயிருவாகளோன்னு இருக்குத்தா."

"அப்படியெல்லாம் நினைக்காதீங்கக்கா. பேசாம விடுங்க, சரியாயிரும்."

"விட்டுட்டுத்தான இருக்கேன்" என்றார்.

நோன்பு மாசம் வந்தது. பகலில் தெருவே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தது. அவர் கணவரும் நோன்பு பிடித்தார். சாயந்திரம் நோன்பு திறக்கும்போது ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு எழுந்து போய்விடுவாராம். ராத்திரி திரும்பி வந்ததும் அவராகவே, அங்கேயே கஞ்சி குடித்துவிட்டேன் என்பாராம். காலையில் முகம் உப்பிக் கிடக்கும். தூக்கமில்லை என்பார். சோற்றில் பாதி தட்டிலேயே இருக்கும். வெயிலுக்கு இறங்கவில்லை என்பார். அக்கா எல்லாவற்றையும் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. பெருநாள் அன்று எங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவந்த அக்காவின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

பங்குனி வெயில் ஏறியது. கேட்க முடியாத அக்கா அந்த ஆத்திரத்தையெல்லாம் தண்ணீரில் காட்ட ஆரம்பித்தார். செம்பு நிறையப் பானைத் தண்ணீரை மொண்டு நாற்காலிக்குக் கொண்டுபோவார். "குடிங்க மச்சான், வெக்கையா இருக்கு." அவர் வாங்கிக்கொள்வார். இவர் உள்ளே போய் எதையோ கிளறிவிட்டு அடுத்த செம்போடு வருவார். வெறும் செம்பு தரையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இதை வைப்பார். எங்கள் சீமையில் ஒருவர் மேல் பிரியம் என்றால் வேறு எதைக் கொடுப்பது? ஜன்னல் வழியாகப் பார்க்கிற எனக்குப் பரவாயில்லை என்று இருந்தது. நோண்டுவதை விட்டுவிட்டு மனுஷரைக் கவனிக்கிறாரே என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் சுவரோரம் வந்து என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு கொத்துப் பத்துமணிச் செடி. தண்டெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது.

"இங்க பாரு. வேரு அழுகிப்போச்சு."

"வெயில்ல வாடியிருக்கும்."

"வாடுனா காயும்த்தா. இது ஊறி அழுகியிருக்கு. தண்ணியில்லாமச் செத்த செடிய நான் எம்புட்டோ பாத்திருக்கேன். தண்ணி கூடிச் செத்த செடிய இந்த ஊருல இப்பத்தான் பாக்குறேன். நீ எதுவும் இந்தப் பக்கம் தண்ணி ஊத்துனியா?"

"எங்க குடிக்கவே தண்ணி இல்லை, உங்க பூச்செடிக்கு ஊத்துறேனா நான்?"

அவர் நின்ற இடத்திலிருந்தே திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. அவர் கணவர் குளிக்கப் போயிருந்தார். அக்கா போய்க் கொண்டை ஊசியை உருவி நாற்காலிக்குப் பின்னால் கீறினார். ஊசி போதவில்லை, விரலை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் கை இறங்கியது. எடுத்துப் பார்த்தபோது கை முழுக்கக் கருஞ்சேறு. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற கொல்லையில், வாய்க்கால் எட்டாத அந்த மூலையில் மட்டும் சேறு.

அன்று மத்தியானம் செம்பை வைத்துவிட்டு உள்ளே போனவர், தெருவாசல் வழியாகச் சுற்றி என் வீட்டுக்குள் வந்தார். என் மிஷினுக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் எழுந்து பார்த்தேன். அவர் கணவர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். செம்பை எடுத்து ஒரே ஒரு வாய் உதட்டில் வைத்தார். மீதியைச் சத்தம் வராமல், மெல்ல மெல்ல, நாற்காலிக்குப் பின்னால் ஊற்றினார். ஊற்றிவிட்டு நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். அவ்வளவு தாகம் அந்த முகத்தில்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். சுவர் ஏறிக் குதித்தாலும் குதிப்பார் என்று பயந்தேன். அவரோ நான் வெட்டிப் போட்டிருந்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டுக்குப் போனார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அக்கா நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கைலியை லேசாக விலக்கி அவருடைய கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"தண்ணிய ஏன் கொட்டுறீக?"

அவர் வெறும் செம்பை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"மச்சான், தண்ணிய ஏன் கொட்டுறீகன்னு கேக்குறேன்."

"அளந்துதான் குடிக்கணுமாம்" என்றார். குரல் ஜன்னலுக்கு அரைகுறையாகத்தான் எட்டியது. "கிட்னி ரெண்டும் வேலை செய்யலைன்னு அங்க டாக்டரு சொல்லிட்டான். நீ ஆசையாக் கொண்டாந்து நிக்கிறப்ப வேணாம்னு சொல்ல வரல."

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு மதுரைக்குக் கிளம்பினார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஒரு தடவைகூட அவர் எழுந்து நிற்கவில்லை, கண்டக்டரை எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஓடி ஓடிப் பார்த்தார்கள். இவ்வளவு தள்ளிப்போட்டிருக்கக் கூடாது, இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம், இனிமேல் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முதல் தடவை மிஷினில் போட்டிருந்தபோது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரச் சொல்லி எங்களை உள்ளே விட்டார்கள். கட்டிலில் கிடந்தவர் கையில் குழாய்கள். அக்கா தலைமாட்டில் நின்றார். இப்போதும் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் பேசினார்.

"அங்கயே சொல்லிட்டாங்க. ரூமுல கூட இருக்கவன்ட்டக்கூட நான் சொல்லல. போனப் போட்டு உன்ட்டச் சொல்லலாம்னா வாய் வரல. ஊருக்குப் போயிட்டா எப்படியும் நீ நோண்டி எடுத்திருவேன்னுதான் பிளேன் ஏறுனேன்."

அக்கா அவருடைய போர்வையை இழுத்துவிட்டார்.

"ஒரு வாரம் கேட்ட. அதுக்குப் பெறகு கேக்கவே இல்ல. இன்னும் ரெண்டு நா நோண்டியிருந்தா சொல்லியிருப்பேன்."

"எல்லாரும் நோண்டாதேன்னாக மச்சான்" என்றார் அக்கா. உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. "எல்லாரும் சொன்னாகளேன்னு ஒரே ஒரு தடவை அவுக பேச்சைக் கேட்டுட்டேன்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கதவோரம் ஒதுங்கினேன். நர்ஸ் வந்து, "அம்மா, நேரமாச்சு, வெளிய போயி உக்காருங்க. சும்மா சும்மா வந்து பாக்கக்கூடாது" என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுற்றிப்போய் மிஷினுக்கு முன்னால் நின்றார்.

"இந்தக் குழாயில போறது நல்ல ரத்தமா, கெட்ட ரத்தமா? இப்ப எம்புட்டுத் தண்ணி எடுத்திருக்கு? ஒரு நாளைக்கு எத்தன டம்ளரு குடிக்கலாம்? உப்பு? காயி? இந்த நம்பரு என்ன, ஏன் குறையுது?"

"டாக்டர்ட்டக் கேளுங்கம்மா."

"அவுககிட்டயும் கேப்பேன். நீங்க சொல்லுங்க."

நர்ஸ் மறுபடியும் கதவைக் காட்டினார். அவர் போகவில்லை.